சமுதாயக் கல்லூரியின் மூன்று பாடங்கள்: தாராவி காட்டும் தேவை

நகர வளர்ச்சித் திட்டம் எதுவாயினும் அதன் முதற்படி கணக்கெடுப்பே. எத்தனை வீடுகள், எத்தனை குடும்பங்கள், எவ்வளவு நிலம், என்னென்ன தொழில்கள் என்பவை தெரியாமல் குடிநீர்க் குழாய் பதிக்க இயலாது. பள்ளி கட்ட இயலாது. புதிய வீடு ஒதுக்கவும் இயலாது. ஆனால் கணக்கெடுப்பவர் ஒருபுறமும் கணக்கெடுக்கப்படுபவர் மறுபுறமுமாக நிற்கும் நிலையே நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அளப்பவருக்கு ஊர் தெரிவதில்லை. ஊராருக்கு அளவை தெரிவதில்லை. இந்த இடைவெளியால் நேரும் பிழைகளின் சுமை பெரும்பாலும் ஏழை மக்களின் மீதே விழுகிறது.

இவ்விடைவெளியைக் குறைக்கக்கூடிய கல்வி அமைப்புகளுள் சமுதாயக் கல்லூரி ஒன்று. அங்கே கற்பிக்கத்தக்க பாடங்களுள் நிலப்படத் தொழில்நுட்பம், மகளிர் ஆய்வு, வரலாறு ஆகிய மூன்றும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதற்பாடம் வேலை தரும், மற்றவை ஏட்டுப் படிப்பு என்று எண்ணுவோர் உண்டு. மும்பையின் தாராவிப் பகுதியையும் அதன் அண்டைப் பகுதிகளான மாட்டுங்கா, செம்பூர் ஆகியவற்றையும் கருத்திற்கொண்டு நோக்கினால், மூன்று பாடங்களும் ஒரே வினாவின் மூன்று கூறுகள் என்பது புலனாகும். இங்கே யார், எந்த இடத்தில், எப்போதிலிருந்து, என்ன தொழில் செய்து வாழ்கின்றனர் என்பதே அவ்வினா. இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே இன்று பல்லாயிரம் குடும்பங்களின் வீட்டுரிமை முடிவாகிறது.

சமுதாயக் கல்லூரியின் தோற்றம்

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கப்பட்ட ஈராண்டுக் கல்லூரியே இவ்வகைக் கல்லூரிகளுக்கு முன்னோடி. பல்கலைக் கழகத்துக்குச் செல்லும் வசதியில்லாதோர் தம் ஊரிலேயே, குறைந்த செலவில், உள்ளூர்த் தேவைக்கேற்ற கல்வியைப் பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947இல் தந்த அறிக்கை, இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்குமாறு வலியுறுத்தியது.

இந்தியாவில் இம்முயற்சி தென்னகத்தில் வேரூன்றியது. 1995இல் புதுவைப் பல்கலைக் கழகமும், 1996இல் சென்னைக் கத்தோலிக்க உயர் மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளை நிறுவின. பள்ளிப் படிப்பை இடையில் விட்டோர், தேர்வில் தவறியோர், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் ஆகியோரை மனத்திற்கொண்டு தமிழகத்தில் பாடங்கள் வகுக்கப்பட்டன. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி, வேலைக்கு ஆயத்தம் ஆகியவை அப்பாடத்திட்டத்தின் தூண்களாக இருந்தன. பின்னர் 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் அனைத்திந்திய அளவில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது; ஆயினும் அது நீடிக்கவில்லை. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக் கழக மானியக் குழு, நடைமுறையிலுள்ள கல்லூரிகளிலேயே சமுதாயக் கல்லூரிகளை அமைக்க நிதியுதவி அளித்தது.

மானியக் குழுவின் ஏற்பாட்டில் ஓராண்டுப் பட்டயத்துக்கு 60 மதிப்பலகுகளும், ஈராண்டு உயர்நிலைப் பட்டயத்துக்கு 120 மதிப்பலகுகளும் வகுக்கப்பட்டன. ஆறு மாதச் சான்றிதழ் படிப்புக்கு 30 மதிப்பலகுகள். ஐந்தில் மூன்று பங்கு தொழில் திறனுக்கும், இரண்டு பங்கு பொதுக் கல்விக்கும் உரியவை. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு இப்படிப்புகளைப் படிநிலைகளில் பொருத்தியது. முறையான வகுப்பில் பயிலாமல் அனுபவத்தால் பெற்ற திறனையும் சோதித்துச் சான்றளிக்க அக்கட்டமைப்பு இடமளிக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடையில் விட்டு மீண்டும் சேரும் வசதியை உயர்கல்வியின் பொது நெறியாக்கியது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். தமிழகத்து முன்னோடிக் கல்லூரிகள் பள்ளிப் படிப்பு முடியாதவரையும் சேர்த்துக்கொண்டன. மானியக் குழுவின் திட்டமோ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியை நுழைவுத் தகுதியாகக் கொண்டது. எட்டாம் வகுப்புடன் நின்றுவிட்ட முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு முதல் வாயில் திறந்திருந்தது. இரண்டாவது வாயிலில் அவர் நுழைய இயலாது. தாராவி போன்ற பகுதியில் இவ்வேறுபாடு சிறியதன்று.

மூன்று பகுதிகள், சிறிய தொலைவு

மாகிம், சயான் இரயில் நிலையங்களுக்கு இடையே, மித்தி ஆற்றின் தென்கரையில் ஏறத்தாழ 240 எக்டேர் பரப்பில் அமைந்தது தாராவி. 1909ஆம் ஆண்டுப் பம்பாய் நகர விவரத் தொகுப்பு, நகரின் பெரிய மீனவர் குடியிருப்புகள் ஆறனுள் ஒன்றாக இதனைக் குறிப்பிடுகிறது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து இதைக் குடியிருக்கத் தக்கதாக்கியவர்கள் இங்கு வந்து சேர்ந்த தொழிலாளர்களே. சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பணிபுரிந்த தோல் பதனிடும் கூடங்கள், வட இந்தியாவிலிருந்து வந்தோரின் தையற் கூடங்கள் எனத் தொழிலை ஒட்டியே இங்கு தெருக்கள் வளர்ந்தன.

இங்கிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மாட்டுங்கா. 1896இல் பரவிய பிளேக் நோயை அடுத்து 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளை வரைபடமிட்டுத் திட்டமிட்ட முறையில் உருவாக்கியது. அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் பணிபுரிந்த தென்னிந்தியர் இங்கு குடியேறினர். 1887இல் நிறுவப்பட்ட விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923இல் மாட்டுங்காவுக்கு வந்தது. இன்று அது வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம் என வழங்குகிறது. ராம்நாராயண் ரூயா கல்லூரி 1937இல் தொடங்கப்பட்டது. 1932இல் உருவான தென்னிந்தியக் கல்விச் சங்கமும் இப்பகுதியில் வேரூன்றியதே.

கிழக்கே அமைந்த செம்பூர், 1947க்குப் பின் சிந்து மாநிலத்திலிருந்து வந்த அகதிகளாலும், தொடர்ந்து வந்த தென்னிந்தியக் குடும்பங்களாலும், துராம்பேயைச் சூழ்ந்த தொழிற்சாலைகளாலும் வளர்ந்தது. அதனை அடுத்த தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம் 1954 முதல் இயங்கி வருகிறது.

மூன்று பகுதிகளிலும் தமிழர் வாழ்கின்றனர். ஆயினும் அவர்தம் வாழ்க்கை நிலைகள் வேறு வேறு. பொறியியல், கலை, சமூக அறிவியல் என மூன்று துறைகளிலும் புகழ்பெற்ற நிறுவனங்கள் தாராவியைச் சுற்றியே அமைந்துள்ளன. ஆயினும் அந்நிறுவனங்களின் வாயிலுக்கும் தாராவியின் சந்துக்கும் உள்ள தொலைவைக் கிலோமீட்டரால் அளத்தல் இயலாது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. அவை பெரும்பாலும் தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு உரியவை. அவற்றில் பயின்றவர் அதன்பின் வேறு மொழிவழியில் படிப்பைத் தொடர வேண்டும். பலர் அவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர். இவர்களுக்கே சமுதாயக் கல்லூரி தேவைப்படுகிறது.

முதற்பாடம்: நிலப்படத் தொழில்நுட்பம்

இந்திய நில அளவைத் துறை 1767இல் தோன்றியது. வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் 1802இல் அளந்த அடிக்கோட்டிலிருந்து மாபெரும் முக்கோண அளவை தொடங்கியது. அதன் பின் இருநூறு ஆண்டுகள் நிலப்படம் வரைதல் பெரும்பாலும் அரசின் தனி உரிமையாகவே இருந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அந்நிலையை மாற்றின. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி நிலப்படத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் அவை வழிவகுத்தன. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியப் புவிசார் கொள்கை, நுட்பமான நிலப்படங்களை 2030க்குள் ஆயத்தம் செய்வதை இலக்காகக் கொண்டது. நகர்ப்புற நில உடைமைகளை அளந்து பதியும் ‘நக்‌ஷா’ திட்டம் 2025 பிப்ரவரியில் 152 நகர உள்ளாட்சிகளில் தொடங்கப்பட்டது. இப்பணிகளுக்குப் பயிற்சி பெற்ற களப் பணியாளர் பெருமளவில் தேவை. ஆகவே இப்பாடத்துக்கு வேலைவாய்ப்பு உண்டு என்பதில் ஐயமில்லை.

தாராவியை நிலப்படத்தில் வரைவதற்கு மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. இவற்றையே பாடமாக வைக்கலாம்.

முதலாவது, அளவுவிகிதம். தாராவியில் ஒரு வீட்டின் முகப்பு மூன்று மீட்டர் அகலம் எனக் கொள்வோம். 1:50,000 அளவுவிகித நிலப்படத்தில் அது 0.06 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. 1:10,000 விகிதத்தில் 0.3 மில்லிமீட்டர், ஒரு பேனாக் கோட்டின் பருமன். 1:500 விகிதத்தில்தான் 6 மில்லிமீட்டராக, வீடு என்று அடையாளம் காணத்தக்கதாகிறது. நகரத் திட்டப் படங்களில் தாராவி நெடுங்காலம் ஒரே நிறத்திட்டாகக் காணப்பட்டமைக்கு அளவுவிகிதமும் ஒரு காரணம். எந்த விகிதத்தில் வரைவது என்ற முடிவிலேயே யார் தெரிவார், யார் மறைவார் என்பதும் அடங்கியுள்ளது.

இரண்டாவது, இடத்தைக் குறிக்கும் துல்லியம். திறந்த வெளியில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். கருவி ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். நெருங்கிய கட்டடங்களுக்கிடையே செயற்கைக்கோள் சைகைகள் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பிழை மேலும் பெருகும். சந்தின் அகலமோ பல இடங்களில் ஓரிரு மீட்டரே. எனவே கைப்பேசியை மட்டும் நம்பிக் குறித்தால் ஒருவரின் வீடு அடுத்தவரின் வீட்டிலோ எதிர்ச் சந்திலோ போய் விழும். வானிலிருந்து எடுத்த படம், லேசர் அளவை, அளவு நாடா, கையால் வரைந்த சந்துப் படம் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திச் சரிபார்க்கும் பழக்கமே இதற்குத் தீர்வு.

மூன்றாவது, உயரம். மேலிருந்து பார்க்கும்போது ஒரே கூரை தெரிகிறது. அதன் கீழ்த் தரைத்தளத்தில் ஒரு குடும்பமும், இரும்பு ஏணி வழியே ஏறிச் செல்லும் மேல்தளத்தில் மற்றொரு குடும்பமும், பகலில் ஒரு தையற் கூடமும் இருக்கக்கூடும். நிலப்படத்தில் ஒரு கட்டம். வாழ்க்கையில் மூன்று கணக்குகள். கூரைகளை எண்ணுவது குடும்பங்களை எண்ணுவதாகாது.

புவியியல் தகவல் முறை எனப்படும் ஜி.ஐ.எஸ்., நிலப்படத்தைப் பல அடுக்குகளாக வைத்துக்கொள்ளும் முறையாகும். ஓர் அடுக்கில் சுவர்கள், மற்றோர் அடுக்கில் குடிநீர்க் குழாய்கள், இன்னொன்றில் கழிப்பிடங்கள், வேறொன்றில் தொழில்கள் என வைத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்கலாம். இதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருளும், ஓபன்ஸ்டிரீட்மேப் என்னும் உலகப் பொது நிலப்படமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கென்யாவின் நைரோபி நகரிலுள்ள கிபெரா குடிசைப் பகுதியின் இளைஞர்கள் 2009இல் தம் பகுதியைத் தாமே அளந்து அப்பொது நிலப்படத்தில் ஏற்றினர். டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் தொலைவழிப் பயிற்சி அளித்து வருகிறது. கருவியும் பயிற்சியும் எட்டாத உயரத்தில் இல்லை. எந்தெந்த அடுக்குகளை உருவாக்குவது என்று முடிவு செய்யும் அறிவே அரிது. அதனை அடுத்த இரு பாடங்கள் தரவேண்டும்.

இரண்டாம் பாடம்: மகளிர் ஆய்வு

இந்தியாவில் மகளிர் நிலை பற்றிய குழு 1974இல் வழங்கிய ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கையே இத்துறைக்கு அடித்தளமிட்டது. அதே ஆண்டில் மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக் கழகத்தில் நீரா தேசாய் முன்னின்று மகளிர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். மகளிர் ஆய்வு பற்றிய முதல் தேசிய மாநாடும் 1981இல் அப்பல்கலைக் கழகத்திலேயே நடைபெற்றது. 1986இன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மானியக் குழு பல பல்கலைக் கழகங்களில் இதற்கென மையங்களை அமைத்தது.

இப்பாடம் கருத்துரைகளோடு நிற்பதன்று. அதற்குக் கணக்கும் உண்டு. 2024ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிட்டனர். இதற்கு மேல், வீட்டில் இருந்தபடியே அப்பளம் இடுதல், ஆடைகளுக்குப் பொத்தான் தைத்தல், நூல் பிசிறு வெட்டுதல் போன்ற கூலி வேலைகளும் உண்டு. வீட்டிலேயே நடப்பதால் கணக்கெடுப்பில் இவை தொழிலாகப் பதிவாகாமல் போவது எளிது. ‘வீடு’ என்று குறித்தால் குடியிருப்பு மட்டும். ‘கடை’ என்று குறித்தால் தொழில் மட்டும். இரண்டுமாக இருக்கும் அறையை எப்படிக் குறிப்பது? அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மாறும்போது, வெயிலில் அப்பளம் உலர்த்திய முற்றமும் தெருவோரமும் மறையும். அவை பிழைப்புக்கு வேண்டிய இடங்கள் என்று முன்னரே பதிவாகியிருந்தால்தான் அவற்றுக்கு மாற்று கேட்க முடியும்.

நகரின் பொது இடங்களில் பெண்களின் நடமாட்டம் பற்றியும் மும்பையில் முன்னோடி ஆய்வுகள் நடந்துள்ளன. ‘புகார்’ என்னும் ஆய்வமைப்பின் பாலினமும் வெளியும் பற்றிய திட்டம் 2003 முதல் 2006 வரை நடைபெற்றது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் அதன் அடிப்படையில் எழுதிய நூல் 2011இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மும்பையில் தோன்றிய கழிப்பிட உரிமை இயக்கத்தில் செம்பூரைச் சேர்ந்த ‘கோரோ’ அமைப்பு முக்கியப் பங்கு வகித்தது. பொதுக் கழிப்பிடங்களில் சிறுநீர் கழிக்க ஆண்கள் கட்டணம் செலுத்துவதில்லை. பெண்களிடம் கட்டணம் பெறப்படுகிறது என்பதை அவ்வியக்கம் நேரில் சென்று பதிவு செய்து காட்டியது. கழிப்பிடம் எங்கே உள்ளது என்பது நிலப்படத்தின் செய்தி. இரவு பத்து மணிக்கு அது திறந்திருக்குமா, வழியில் விளக்கு உண்டா, கட்டணம் எவ்வளவு என்பவை மகளிர் ஆய்வு கேட்கும் கேள்விகள். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் மாநகராட்சிப் பொறியாளருக்குப் பயன்படும் விவரம் கிடைக்கிறது.

சட்டமும் பெண்ணின் பெயரை ஆவணத்தில் ஏற்ற முனைந்துள்ளது. மும்பையின் குடிசைப் பகுதிப் புனரமைப்பு விதிகளின்படி ஒதுக்கப்படும் வீடு கணவன், மனைவி இருவருக்கும் கூட்டாக உரியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைந்த மூத்த பெண்ணையே பங்கீட்டு அட்டைக்குக் குடும்பத் தலைவராகக் கொள்கிறது. இவ்விதிகளை அறிந்த ஒரு பெண், கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது கணவர் வேலைக்குச் சென்றிருக்கிறார் என்று கூறி அனுப்பிவிட மாட்டார்.

மூன்றாம் பாடம்: வரலாறு

தாராவியில் வரலாறு என்பது அரசர்களின் காலவரிசையன்று. அது குடும்பத்தின் உரிமைச் சான்று. 1971இல் மகாராட்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976 சனவரியில் பம்பாயின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கணக்கெடுப்பு நடந்து, அதன் பின் புகைப்பட அடையாளச் சீட்டுகள் வழங்கப்பட்டன. 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாயில் 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. 1995இல் குடிசைப் பகுதிப் புனரமைப்பு ஆணையம் அமைந்தது. 2004இல் தாராவிக்கெனத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. 2022இல் அதற்கான ஒப்பந்தப்புள்ளி முடிவாகி, 2024 மார்ச்சில் வீடுதோறும் எண்ணிட்டு அளக்கும் பணி தொடங்கியது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிறுவுவோருக்குத் தாராவியிலேயே இலவச வீடு என்பது இத்திட்டத்தின் விதி. பிற்பட்டு வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் ஏற்பாடு வேறு, இடமும் வேறு.

ஆகவே ஒரு தேதியை நிறுவுவது ஒரு வீட்டை நிறுவுவதாகும். தேதியை நிறுவ என்ன சான்று உள்ளது? பள்ளி மாற்றுச் சான்றிதழ், மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பட்டியல், பங்கீட்டு அட்டை, மருத்துவமனைப் பிறப்புப் பதிவு ஆகியவை. இவற்றுள் ஒன்றில் ‘முருகேசன்’ என்றும் மற்றொன்றில் ‘முருகேஷ்’ என்றும் பெயர் இருக்கும். தமிழரின் தந்தை பெயர் முதலெழுத்து, மராத்திப் படிவத்தில் குடும்பப் பெயராக மாறியிருக்கும். மணமான பெண்ணின் பெயர் இரு ஆவணங்களில் இருவிதமாக இருக்கும். ஆவணங்களை ஒப்பிட்டு, முரண்பாட்டைக் கண்டறிந்து, எது எப்போது யாரால் எழுதப்பட்டது என ஆராய்வது வரலாற்று மாணவனின் அடிப்படைப் பயிற்சி. அப்பயிற்சி இங்கே குடும்பத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறது.

வாய்மொழி வரலாறும் இப்பாடத்தின் ஒரு பகுதி. மும்பை ஆலைத் தொழிலாளர் பகுதியான கிரண்காவ் பற்றி மீனா மேனன், நீரா அடார்கர் ஆகியோர் தொழிலாளரின் கூற்றுகளைக் கொண்டே உருவாக்கிய நூல் 2004இல் வெளிவந்தது. தாராவியின் தோல் தொழிலுக்கும் அத்தகைய பதிவு தேவை. பாந்திராவிலிருந்த இறைச்சிக் கூடம் 1970களின் தொடக்கத்தில் தேவனாருக்கு மாற்றப்பட்டதும், தோல் பதனிடும் கூடங்கள் படிப்படியாக வெளியேறியதும், தோற்பொருள் செய்யும் கூடங்கள் நிலைத்ததும் முதியோரின் நினைவில் உள்ளன. நினைவு தவறக்கூடியது, ஆதலால் அதை ஆவணத்தோடும் நிலப்படத்தோடும் ஒப்பிட வேண்டும். தாராவிப் பேருந்துப் பணிமனையை ஒட்டி நிற்கும் ‘காலா கில்லா’ என்னும் சிறு கோட்டையில் 1737ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. அங்கிருந்து தொடங்கி, சந்துகளின் பெயர்க் காரணம் வரை மாணவர்கள் தொகுக்கலாம்.

மூன்றும் இணைந்த முன்மாதிரி

இம்மூன்று பாடங்களும் ஒருங்கிணைய முடியும் என்பதற்குத் தாராவியே சான்று. 1974இல் தோன்றிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை நடத்தியவர், கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.ஜோக்கின். 1984இல் தொடங்கிய ‘ஸ்பார்க்’ அமைப்பு 1985இல் பம்பாயின் நடைபாதை வாழ்வோரைக் கணக்கெடுத்தது. அதையொட்டி நடைபாதைப் பெண்களின் ‘மகிளா மிலன்’ அமைப்பு உருவாயிற்று. 1986இல் இக்கூட்டமைப்பு தாராவியில் தானே கணக்கெடுப்பு நடத்தி, அங்கு வாழ்வோர் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் எனக் கண்டது. அரசின் மதிப்பீடு அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஒதுக்கப்படும் நிதியும் வீடும் எண்ணிக்கையைப் பொறுத்தவை என்பதால் இவ்வேறுபாடு விவாதத்தின் போக்கையே மாற்றியது. பட்டம் பெறாத மக்கள் எடுத்த கணக்கை அலுவலர்கள் மேசையில் வைத்துப் பேச வேண்டியதாயிற்று. ஜோக்கின் 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார்.

இத்திறன் ஓர் இயக்கத்தின் உழைப்பால் வளர்ந்தது. அதை ஆண்டுதோறும் புதியவர்களுக்குக் கற்பித்து, சோதித்து, சான்றளித்து, ஊதியம் தரும் பணியாக்குவதற்கு ஒரு கல்வி நிறுவனம் தேவை. சமுதாயக் கல்லூரியின் இடம் அதுவே.

பாடத்திட்டமும் நடைமுறையும்

இத்தகைய படிப்பை ஓராண்டுப் பட்டயமாக வகுக்கும்போது, 60 மதிப்பலகுகளில் 36ஐ நிலப்படத் தொழில்நுட்பத்துக்கும் களப் பயிற்சிக்கும், 24ஐ மகளிர் ஆய்வு, வரலாறு இரண்டுக்கும் சமமாகவும் பகிரலாம். இது மானியக் குழுவின் விகிதத்துக்குப் பொருந்தும். மூன்று பாடங்களுக்கும் தனித்தனித் தேர்வு வைப்பதைவிட, ஒரு சந்தைத் தேர்ந்து அதன் நிலப்படம், அங்குள்ள பெண்களின் பணி விவரம், குடியேற்ற வரலாறு ஆகிய மூன்றையும் ஒரே களப்பணியாகச் செய்யச் சொல்வது பயன் தரும். பட்டயத்துக்குமுன் ஆறு மாத அடிப்படைச் சான்றிதழ் ஒன்று வேண்டும். பள்ளிப் படிப்பு முடியாதவர் அதன் வழியே நுழைந்து, திறந்தநிலைப் பள்ளித் தேர்வையும் எழுதி, மேலே செல்லலாம்.

வகுப்பு நேரமும் முக்கியம். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்யும் பெண்களுக்குப் பிற்பகல் நேரமே ஏற்றது. தொழிற்கூடங்களில் பணிபுரியும் இளைஞர்களுக்கு இரவு வகுப்பு வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லாவிடில் சேர்ந்த பெண்களுள் பலர் இடையில் நின்றுவிடுவர். தமிழ், மராத்தி, இந்தி ஆகிய மொழிகளில் விளக்கமும், தொழில்நுட்பச் சொற்களுக்கு ஒரு கையேடும் தேவை. அளவைக் கருவிகளுக்கு மாட்டுங்காவின் தொழில்நுட்பக் கழகத்தையும், வரலாற்றுக்கு அங்குள்ள கலைக் கல்லூரிகளையும், சமூக ஆய்வுக்குத் தேவனார்க் கழகத்தையும் துணையாகக் கொள்ள வாய்ப்புண்டு. ஆனால் வகுப்பு தாராவியிலேயே நடைபெறுதல் நலம்.

எச்சரிக்கை வேண்டிய இடங்கள்

நிலப்படம் இருபுறமும் கூரான கத்தி. யார் எங்கே வாழ்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்ற விவரம் தவறான கைகளுக்குச் சென்றால், கூடுதல் வாடகை கேட்கவும், உரிமமற்ற தொழிலை மூடவும், வெளியேற்றவும் பயன்படக்கூடும். வன்முறைக்கு ஆளான பெண்ணின் இருப்பிடம் வரைபடத்தில் புள்ளியாகத் தெரிவது ஆபத்து. ஆகவே ஒப்புதல் பெறுதல், பெயரை நீக்குதல், எந்த அடுக்கைப் பொதுவில் வைப்பது, எதை மறைத்து வைப்பது என்பவற்றை முதல் வாரத்திலேயே கற்பிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் இணையவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

மற்றொரு குறைபாடு, சான்றிதழின் மதிப்பு. வேலையளிப்போர் ஏற்காத சான்றிதழ் மாணவருக்கு ஏமாற்றமே. மாநகராட்சி, புனரமைப்பு ஆணையம், நில அளவைத் துறை ஆகியவை களப் பணியாளரை அமர்த்தும்போது இப்பட்டயத்தைத் தகுதியாக ஏற்பது இன்றியமையாதது. நிதியுதவிக் காலம் முடிந்ததும் படிப்பு நின்றுவிடும் நிலையையும் தவிர்த்தல் வேண்டும். மேலும், பயிற்சி பெற்றவர் எடுக்கும் கணக்கு அரசின் கணக்கோடு வேறுபடுமாயின், அதைத் தகராறாகக் கருதாமல் சரிபார்ப்பாகக் கொள்ளும் மனப்பாங்கு அலுவலர்களிடம் வளர வேண்டும்.

முடிவுரை

2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இணையவழிக் கருவிகளைக் கொண்டு நடத்தத் திட்டமிடப்பட்டது. நகரங்களின் நில உடைமைப் பதிவும் அவ்வாறே மாறி வருகிறது. கருவி எவ்வளவு நுட்பமாயினும், கூரையின் கீழ் எத்தனை குடும்பங்கள் என்பதையும், அறையில் நடக்கும் வேலை எத்தகையது என்பதையும், அக்குடும்பம் எந்த ஆண்டு அங்கு வந்தது என்பதையும் அதுவே கண்டுகொள்வதில்லை. அதைக் கேட்கத் தெரிந்தவரும், சொல்லத் தெரிந்தவரும் வேண்டும். தன் சந்தைத் தானே அளந்து, தன் தாயின் உழைப்பைத் தொழிலாகப் பதிந்து, தன் குடும்பத்தின் ஆவணங்களை வரிசைப்படுத்தத் தெரிந்த ஓர் இளம்பெண் கணக்கெடுப்பாளருடன் நடந்து சென்றால், பிழை அங்கேயே திருத்தப்படும். பிழை ஆவணத்தில் ஏறிவிட்டபின் அதைத் திருத்த ஒரு குடும்பம் அலுவலகம் அலுவலகமாக ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடும். அவ்வலைச்சலின் செலவோடு ஒப்பிடுகையில், ஒரு சமுதாயக் கல்லூரியின் செலவு மிகச் சிறியதே.